இரண்டாவது போர்டுக்கு மதிப்பெண் உண்டா?

ஆர்டுயினோ உனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் துளைகளை அளந்து பார்த்தவர்களுக்கு ஒரு விநோதம் தெரியும். துளைக்குத் துளை 2.54 மில்லிமீட்டர், 7-ஆம் எண்ணுக்கும் 8-ஆம் எண்ணுக்கும் நடுவில் மட்டும் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். இதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஏதும் கிடையாது. தொடக்க காலத்தில் கணினியில் வரைந்தபோது நேர்ந்த கைப்பிசகு என்பதே ஆர்டுயினோ வட்டாரத்தில் வழங்கும் கதை. பிசகு கண்ணில் படுவதற்குள் அந்தப் போர்டின் மேல் செருகும் துணைப் பலகைகள் பெருகிவிட்டன. திருத்தினால் பழையவை எதுவும் பொருந்தாது. 2005-இல் இத்தாலியின் இவ்ரியா நகரத்து வடிவமைப்புக் கல்லூரியில் பிறந்த ஆர்டுயினோ, 2023-இல் வந்த உனோ ஆர்4 வரை அந்தக் கோணலோடுதான் விற்பனையாகிறது.

போர்டு வரைகிற எவருக்கும் இப்படி ஒன்றாவது நேரும். தமிழ்நாட்டில் மின்னணுவியல் படிக்கும் மாணவர்களில் மிகப் பலருக்கு நேர்வதில்லை. அவர்கள் போர்டே வரைவதில்லை. இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்றால் சென்னை ரிச்சி தெருவில் ஒரு ரெடிமேட் போர்டு, ஒரு டிஸ்பிளே, இரண்டு சென்சார், ஒரு கட்டு ஜம்பர் வயர். பிரெட்போர்டில் செருகி, எங்கிருந்தோ எடுத்த புரோகிராமை ஏற்றி, வெளித்தேர்வாளர் வரும் நாளில் திரை ஒளிர்ந்தால் போதும். வயர் ஆடிவிடாமல் நண்பன் ஒருவன் பிடித்துக்கொண்டிருப்பான். அதற்கும் நேரமில்லாதவர்களுக்கு, முழு ப்ராஜெக்டையும் ரிப்போர்ட்டோடு சேர்த்துச் செய்துதரும் கடைகள் இருக்கின்றன.

இதை மாற்றப் பெரிய சீர்திருத்தம் தேவையில்லை. ஒவ்வொரு மாணவரும் ஒரு போர்டையாவது தாமே வரைய வேண்டும். அதை ஆலையில் அச்சடித்து வாங்கி, காம்பொனென்ட் வைத்துப் பற்றவைத்து, என்ன தவறு என்று கண்டுபிடித்து, மறுபடி வரைய வேண்டும். மதிப்பெண் அந்த இரண்டாவது போர்டுக்கு. எதை வரைவது என்று கேட்டால், ஒரு மைக்ரோகன்ட்ரோலரும் ஒரு தொடுதிரையும் சேர்ந்த போர்டைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது. ஒரு பருவத்துக்குள் முடிந்துவிடும் அளவுக்குச் சின்னது. ஆனால் மின்சாரம், வேகம், வானலை, கண்ணாடியின் கனம் என்று எல்லாத் தலைவலியும் அதில் உண்டு.

கணக்கிலிருந்தே பார்க்கலாம். கடைகளில் அதிகம் புழங்கும் 2.8 அங்குலத் திரையில் 240-க்கு 320, மொத்தம் 76,800 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்துக்கு 2 பைட் என்றால், திரை முழுக்க ஒரு படம் காட்ட 1,53,600 பைட் வேண்டும். உனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சில்லின் ரேம் நினைவகம் வெறும் 2,048 பைட். தேவையோ அதைப்போல் சரியாக 75 மடங்கு. அப்படியும் உனோவில் அந்தத் திரை ஓடத்தான் செய்கிறது. திரையின் கண்ணாடி விளிம்பில் ஒட்டியிருக்கும் ஐஎல்ஐ9341 என்ற டிரைவர் சில்லுக்குள் படத்துக்கென்று தனி நினைவகம் இருப்பதுதான் ரகசியம். உனோ துண்டு துண்டாக அனுப்ப, அது வாங்கி வைத்துக்கொள்கிறது.

அனுப்பும் பாதைக்குப் பெயர் எஸ்பிஐ (வங்கி அல்ல). அதில் உனோவால் விநாடிக்கு அதிகபட்சம் 80 லட்சம் பிட் தள்ள முடியும். ஒரு முழுப் படத்துக்கு 12,28,800 பிட். திரையை ஒருமுறை நிரப்பவே ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு விநாடி ஆகிறது; மேலிருந்து கீழாகப் படம் இறங்கி வருவது கண்ணுக்கே தெரியும். ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2016-இல் கொண்டுவந்த இஎஸ்பி32 சில்லில் அதே பாதையை விநாடிக்கு 4 கோடி பிட் வேகத்தில் ஓட்டினால், அதே வேலை 0.03 விநாடியில் முடிகிறது. பத்தாம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலும் போதுமான இந்தக் கணக்கை ரெடிமேட் போர்டு வாங்குபவர் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே வருவதில்லை. வரைபவர் போட்டுத்தான் ஆக வேண்டும். எந்தச் சில்லை வைப்பது என்ற முதல் முடிவே இதில்தான் தொங்குகிறது.

தொடுதல் இன்னும் சுவையானது. விலை குறைந்த திரைகளின் மேல் மெல்லிய இரண்டு கடத்திப் படலங்கள் இருக்கும், நடுவில் மயிரிழை இடைவெளியோடு. விரலோ பேனா முனையோ அழுத்தும்போது இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. எக்ஸ்பிடி2046 என்ற சிறிய சில்லு ஒரு படலத்தின் இரு முனைகளுக்கும் மின்னழுத்தம் கொடுத்து, ஒட்டிய இடத்தில் எவ்வளவு வோல்ட் என்பதை மற்றொரு படலம் வழியாக அளக்கிறது. கிடைமட்ட இடம் தெரிந்துவிடும். பிறகு படலங்களின் வேலையை மாற்றி அளந்தால் செங்குத்து இடம். விடை 0 முதல் 4095 வரையிலான ஓர் எண். அந்த எண் திரையின் எந்தப் புள்ளி என்பதைத் திரைக்குத் திரை அளந்து பொருத்தியாக வேண்டும். பழைய தொடுதிரைக் கருவிகள் முதல்முறை இயங்கும்போது மூலைகளில் சிலுவைக்குறி காட்டித் தொடச்சொன்னது இதற்காகத்தான்.

செல்போனில் இருப்பது வேறு வகை. அது விரலின் மின்னேற்பை உணர்கிறது, அழுத்தம் தேவையில்லை. மாணவர்கள் அதைத்தான் விரும்புவார்கள், பார்க்க நவீனமாக இருக்கும். ஆனால் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறார் என்று வைத்துக்கொண்டால், தொடப்போவது ஈரக்கை, சேற்றுக்கை. நீர்த்துளி விழுந்தாலே மின்னேற்புத் திரை தடுமாறும். அழுத்தினால் வேலை செய்யும் மலிவுத் திரையே தோட்டத்துக்குச் சரி.

இந்தச் சொட்டுநீர்ப் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். நான்கு வால்வுகள், மண்ணின் ஈரம் அளக்க ஒரு சென்சார், வைஃபை, தொடுதிரை. இதற்கு ஏறக்குறையப் பொருந்தும் ரெடிமேட் போர்டு ஒன்று உலகம் முழுக்கப் பிரபலம். மஞ்சள் நிறப் பலகை, பின்புறம் இஎஸ்பி32, முன்புறம் 2.8 அங்குலத் தொடுதிரை, மெமரி கார்டுக்கு இடம். விலைக்கு அது அபாரமான சரக்கு, சந்தேகமில்லை. ஆனால் திரையும் தொடுதலும் கார்டும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு வெளியே இணைக்கத் தாராளமாகக் கிடைப்பவை 22, 27, 35 என்று மூன்றே பின்கள். அதிலும் 35 உள்ளே வாங்க மட்டும்தான். அதனால் எதையும் இயக்க முடியாது. 27-இல் ஈர சென்சாரை மாட்டலாம் என்றால், அந்தப் பின் சேர்ந்திருக்கும் அளவீட்டுப் பிரிவு வைஃபை ஓடும்போது வேலை செய்யாது. சென்சாரை 35-க்கு மாற்றினாலும் நான்கு வால்வுக்கு வழியில்லை. மிஞ்சிய இரண்டு பின்களில் ஒரு விரிவாக்கச் சில்லை இணைத்துத் தப்பிக்கலாம். அப்படித் தப்பிக்கத் தெரிந்தவருக்குச் சொந்தமாக வரையவும் துணிச்சல் வந்திருக்கும்.

வரைய உட்கார்ந்ததும் முதல் பொறி மின்சாரம். வால்வுகளுக்கு 12 வோல்ட், இஎஸ்பி32-க்கும் திரைக்கும் 3.3 வோல்ட். எல்லாப் போர்டுகளிலும் பார்த்துப் பழகிய ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டரைக் கை தானாகவே வைத்துவிடும். வைஃபையும் திரையின் பின்விளக்கும் சேர்ந்து 300 மில்லி ஆம்பியர் இழுத்தால், 12-க்கும் 3.3-க்கும் இடைப்பட்ட 8.7 வோல்ட் அந்தச் சில்லிலேயே வெப்பமாகும். 2.6 வாட். விரல்நுனி அளவுச் சில்லுக்கு அது தாங்காது. தொட்டால் சுடும், சற்று நேரத்தில் வெப்பம் மிஞ்சித் தானே முடங்கும். இங்கே தேவை ஸ்விட்சிங் வகை ரெகுலேட்டர். சரி, 12 வோல்ட்டே வேண்டாம், லித்தியம் பேட்டரியில் ஓட்டுவோம் என்று இன்னொருவர் நினைத்தால் அதே ரெகுலேட்டர் வேறு விதமாகக் கையை விரிக்கும். வெளியே வரும் 3.3-க்கு மேல் உள்ளே இன்னும் ஒரு வோல்ட்டுக்கு அதிகமாகவே அதற்கு வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஆன லித்தியம் பேட்டரியே 4.2 வோல்ட்தான்.

பாடப்புத்தகத்தில் ரெகுலேட்டர் ஒரு சதுரப் பெட்டி. உள்ளே அம்புக்குறி, வெளியே அம்புக்குறி.

அடுத்த பொறி இன்னும் குறும்பானது. இஎஸ்பி32 உயிர்பெறும் கணத்தில் சில பின்களின் நிலையைப் படித்து, தான் எப்படித் தொடங்க வேண்டும் என்று முடிவெடுக்கிறது. 12-ஆம் பின் அந்தக் கணத்தில் மேல்நிலையில் இருந்தால், புரோகிராம் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்துக்கு 1.8 வோல்ட் போதும் என்று எடுத்துக்கொள்ளும். வழக்கமான மாட்யூல்களில் இருப்பது 3.3 வோல்ட் ஃபிளாஷ். விளைவு, போர்டு எழாது. வால்வை இயக்கும் சுற்று அந்தப் பின்னை மேலே இழுத்துப் பிடிக்கும்படி வரைந்துவிட்டால், புரோகிராமில் ஒரு தவறும் இல்லாமலேயே இரவெல்லாம் தேட வேண்டியிருக்கும். தகவல் ஏட்டில் ஓர் அட்டவணையில் இது எழுதியிருக்கிறது. ஆனால் தகவல் ஏட்டை யாரும் பொழுதுபோக்காகப் படிப்பதில்லை, போர்டு எழாதபோதுதான் படிக்கிறார்கள்.

திரையை இணைப்பதிலும் நுணுக்கம் உண்டு. கடையில் கிடைக்கும் தொடுதிரை மாட்யூலில் 14 பின்கள். திரைச் சில்லும் தொடுதல் சில்லும் ஒரே எஸ்பிஐ பாதையைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒரே வாசல் வழியாகப் போகும் இரண்டு குடித்தனங்களுக்கு அழைப்புமணி மட்டும் தனித்தனியாக இருப்பதுபோல், யாரை அழைக்கிறோம் என்று சொல்லும் கம்பி மட்டும் தனி. ஆனால் திரை 4 கோடி பிட் வேகத்தை ஏற்கும்போது தொடுதல் சில்லுக்கு 20 லட்சத்தை ஒட்டிய வேகம்தான் ஒத்துவரும். ஆளுக்கு ஏற்றபடி மைக்ரோகன்ட்ரோலர் வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பின்விளக்கைச் சில்லின் பின்னிலிருந்து நேரே எரிக்கலாமா? விளக்குகள் எல்லாம் சேர்ந்து சுமார் 80 மில்லி ஆம்பியர் கேட்கும். ஒரு பின் தரக்கூடியது அதில் பாதிகூட இல்லை என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும். அதை வைத்தால் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதி.

எல்லாவற்றையும்விடத் தொடுதிரைப் போர்டுகளுக்கே உரிய தவறு ஒன்று இருக்கிறது. இஎஸ்பி32 மாட்யூலின் ஒரு முனையில் வளைந்து நெளிந்து தெரியும் செப்புக் கோடுதான் ஆன்டெனா. அதற்கு மேலும் கீழும் செம்பு இருக்கக் கூடாது. போர்டின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் மிக நல்லது. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்த பிறகு, பெட்டி கச்சிதமாக இருக்கட்டும் என்று திரையைப் போர்டின் மேலேயே அடுக்கினால், திரையின் உலோகச் சட்டம் சரியாக ஆன்டெனாவின் தலைக்கு மேல் வந்து உட்காரும். மேசையில் பிரித்து வைத்தபோது பிடித்த வைஃபை, பெட்டியை மூடியதும் போய்விடும். கணினித் திரையில் போர்டு எப்போதும் தட்டையாகவே தெரிவதால் இது வரையும்போது மனதில் படுவதில்லை.

மாட்யூல் வேண்டாம், வெறும் திரையையே வாங்கிப் பொருத்துகிறேன் என்று துணிபவருக்கு அரை மில்லிமீட்டர் இடைவெளியில் கோடுகள் கொண்ட நாடாக் கேபிள் காத்திருக்கிறது. அதன் கனெக்டரில் தொடுமுனை மேலே இருக்கும் வகை, கீழே இருக்கும் வகை என்று இரண்டு. மாற்றி வாங்கினால் முதல் பின் கடைசியாகவும் கடைசி முதலாகவும் ஆகிவிடும். இதற்கு நல்ல மருந்து செலவில்லாதது. ஆர்டர் கொடுப்பதற்கு முன் போர்டை அசல் அளவில் காகிதத்தில் அச்சடித்து, வாங்கி வைத்த உதிரிபாகங்களை அதன்மேல் வைத்துப் பார்ப்பது. பொருந்தாத கனெக்டரும், திருகு விழாத துளையும், யூஎஸ்பி வாயை மறைக்கும் திரையும் அந்தக் காகிதத்திலேயே தெரிந்துவிடும்.

செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் பழைய காலத்தை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். செப்புத் தகட்டில் மார்க்கரால் கோடு போட்டு, ஃபெரிக் குளோரைடில் முக்கி, விரலெல்லாம் மஞ்சளாகி, கையால் துளையிட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே உண்டு. அதன் பிறகு சீனாவின் ஷென்சென் நகரத்து ஆலைகள் 10 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கும் இரண்டு அடுக்குப் போர்டு ஐந்தை 2 டாலருக்கு அச்சடித்துத் தரும் சலுகையை வைத்தே உலகமெங்கும் வாடிக்கையாளர் பிடித்தன. கூரியரும் சுங்கமும் அதைவிடப் பல மடங்கு ஆகும் என்பது வேறு. பெங்களூரிலும் காந்திநகரிலும் சிறிய எண்ணிக்கையில் செய்துதரும் ஆலைகள் இருக்கின்றன. ஒரு வகுப்பே சேர்ந்து ஆர்டர் கொடுத்தால் தலைக்கு விழும் தொகை, ரெடிமேட் ப்ராஜெக்டுக்குக் கடையில் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிடும் அளவில்கூட இருக்காது.

வரையும் மென்பொருளுக்குக் காசே வேண்டாம். பிரான்சின் கிரெனோபிள் நகரில் ழான்-பியர் ஷராஸ் 1992-இல் தொடங்கிய கீகேட் இன்று எவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய முழுமையான கருவி. அணுத்துகள் ஆய்வுக்குப் பேர்போன செர்ன் ஆய்வகம் அதன் வளர்ச்சியில் கைகொடுத்தது. பொழுதுபோக்காளர்களின் செல்லமாக இருந்த ஈகிள் மென்பொருளை 2016-இல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. 2026 ஜூன் 7-உடன் அதை நிறுத்துவதாக 2023-இல் அறிவித்தது. ஒரு நிறுவனத்தின் முடிவில் தொங்கும் கருவியைக் கல்லூரி ஆய்வகங்கள் பழக்குவது வீண் என்பதற்கு இந்த ஓர் அறிவிப்பு போதும்.

பார்த்து எழுதக் கோனார் உரைகூட இருக்கிறது. ராஸ்பெரி பை நிறுவனம் 2021 ஜனவரியில் 4 டாலர் பைக்கோ போர்டை வெளியிட்டபோது, அதிலிருக்கும் ஆர்பி2040 சில்லைக் கொண்டு சொந்தப் போர்டு வரைவது எப்படி என்ற கையேட்டையும், கீகேட் மாதிரி வரைபடங்களையும் சேர்த்தே தந்தது. எந்தக் கெப்பாசிட்டர் ஏன் அந்த இடத்தில் என்பது வரை விளக்கம்.

எல்லாரும் போர்டு வரைய வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. வீட்டுக்கு ஒரு கடிகாரமும் வெப்பமானியும் செய்ய நினைப்பவர் மஞ்சள் போர்டை வாங்கி மாட்டிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். மென்பொருளில் ஆர்வமுள்ளவருக்கும் அதுவே. மின்னணுப் பொறியாளர் என்று பட்டம் வாங்கப் போகிறவரின் கதை வேறு. ஒன்றிய அமைச்சரவை 2025 மார்ச்சில் மின்னணு உதிரிபாக உற்பத்திக்கென்று ரூ.22,919 கோடித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. தமிழ்நாடும் தன் பங்குக்கு ஓர் உதிரிபாகத் திட்டத்தை அறிவித்திருக்கிறது. மின்னணு ஏற்றுமதியில் நாட்டிலேயே முதலிடம் என்ற பெருமையும் மாநிலத்துக்கு இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் பாகங்களைப் பொருத்தும் கைகளுக்குக் குறைவில்லை. அந்தப் பலகையில் எந்தக் கோடு எந்த வழியாகப் போக வேண்டும் என்ற முடிவை எடுப்பவர்கள் வேறெங்கோ இருக்கிறார்கள். உற்பத்திக்கு ஒதுக்கும் கோடிகளில் ஒரு துளியைக் கல்லூரிகளின் போர்டு அச்சுச் செலவுக்கு ஒதுக்கினால் பணத்தால் வரும் தடை முழுதாகத் தீர்ந்துவிடும். மனத்தடைதான் கடினம். முதல் முயற்சியில் வேலை செய்யாத எதற்கும் நம் தேர்வு முறையில் இடமில்லை.

முதல் முயற்சியில் தவறாதவர் தொழிலிலேயே கிடையாது. 2024 ஆகஸ்டில் வந்த ராஸ்பெரி பையின் ஆர்பி2350 சில்லில், உள்ளீட்டுப் பின் ஒன்றைக் கீழ்நிலையில் பிடித்துவைக்கச் சொன்னால் அது 2.2 வோல்ட்டை ஒட்டிச் சிக்கிக்கொள்ளும் குறை வெளிவந்தது. பயன்படுத்தியவர்கள் கண்டுபிடித்துச் சொல்ல, நிறுவனம் அதை ‘இ9’ என்று எண்ணிட்டுத் தன் தகவல் ஏட்டிலேயே அச்சடித்தது. வெளியே 8.2 கிலோ ஓமோ அதற்குக் குறைவாகவோ ஒரு ரெசிஸ்டர் வைத்துச் சமாளிக்கும் வழியையும் சொன்னது. பின்னர் திருத்திய சில்லும் வந்தது. பெருங்கம்பெனிகளில் தவறுகளுக்கு எண்ணும் ஏடும் இருக்கின்றன. நம் ஆய்வக ரெக்கார்டு நோட்டில் ‘முடிவு: சரிபார்க்கப்பட்டது’ என்ற ஒரே வரிதான்.

நடைமுறை எளிது. ஐந்தாம் பருவத் தொடக்கத்தில் சுற்று வரைபடம். தீபாவளி விடுமுறைக்கு முன் முதல் ஆர்டர். விடுமுறை முடிந்து வந்ததும் பற்றவைத்துச் சோதனை. ஆறாம் பருவத்தில் திருத்திய போர்டு. நூறு மதிப்பெண்ணில் முப்பது, முதல் போர்டில் கண்ட தவறுகளின் பட்டியலுக்கு: என்ன நேர்ந்தது, எந்த அளவீட்டில் தெரிந்தது, எப்படித் திருத்தினார். தவறே இல்லை என்று எழுதுபவரிடம் மட்டும் தேர்வாளர் போர்டை வாங்கி, வைஃபையை ஓடவிட்டு, ரெகுலேட்டரின் மேல் விரலை வைத்துப் பார்க்கலாம்.